லோரி எஞ்சினில் தட்டும் சத்தம்: தேய்ந்த பேரிங்கைக் கண்டறிந்து சரிசெய்யும் முறை

கோலாலம்பூரிலிருந்து காராக் நெடுஞ்சாலை வழியாகக் கிழக்குக்கரைக்குச் சரக்கு ஏற்றிச் செல்லும் லோரிகள், கோம்பாக்கைத் தாண்டியதும் கெந்திங் செம்பா வரை நீண்ட ஏற்றத்தில் ஏற வேண்டியிருக்கிறது. செகாம்புட்டில் எங்கள் பட்டறைக்கு வரும் சத்தப் புகார்களில் பெரும்பாலானவை அந்த ஏற்றத்தில் முதன்முதலாகக் கேட்டவையாகவே இருக்கும். "அண்ணே, ஏத்தத்துல மட்டுந்தான் தட்டுது, இன்னும் ஒரு நடை போயிட்டு வந்து வண்டிய விடுறேன்" என்று ஓட்டுநர் கைப்பேசியில் சொல்லும்போது, அந்த ஒரு நடையை எப்படியாவது நிறுத்திவிட வேண்டும் என்பதே என் முதல் கவலை. பேரிங் மட்டும் மாற்றி முடிக்கக்கூடிய வேலை, பிஸ்டன்களின் அசைவைச் சுழற்சியாக்கும் கிராங்க் ஷாஃப்ட்டைக் கழற்றிக் கடைய வேண்டிய வேலையாகவும், சில வேளைகளில் பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கொன்ராட், எஞ்சின் உடலான பிளாக்கை உடைத்துக்கொண்டு வெளியே வரும் விபத்தாகவும் மாறுவது அந்த ஒரு நடையில்தான்.

காரணம் எளிது. கொன்ராட்டின் பெரிய முனையிலும் கிராங்க் ஷாஃப்ட்டைப் பிளாக்கில் தாங்கும் மெயின் தாங்கிகளிலும் இருப்பவை உருளைகள் கொண்ட பேரிங்குகள் அல்ல. பட்டறையில் நாம் 'மெட்டல்' என்று சொல்லும் இரண்டு அரைவட்டத் தகடுகள். எஃகுத் தகட்டின் மேல் செம்பும் ஈயமும் கலந்த அடுக்கும், அதற்கும் மேலே ஏறத்தாழ 0.02 மில்லிமீட்டர் தடிமனே உள்ள மென்மையான பூச்சும் கொண்ட வகையே பழைய டீசல் எஞ்சின்களில் மிகுதி. அலுமினியக் கலவை பூசிய வகையும் உண்டு. எஞ்சின் ஓடும்போது அந்தத் தகடும் கிராங்கின் கழுத்தும் (பேரிங்குக்குள் சுழலும் உருண்டைப் பகுதி) ஒன்றையொன்று தொடுவதில்லை; அழுத்தத்தோடு வரும் எண்ணெய், படலமாக நின்று இரண்டையும் பிரித்து வைக்கிறது. சத்தம் காதுக்கு எட்டிவிட்டது என்றால் அந்தப் படலம் உடைந்து, மேல்பூச்சும் போய்விட்டது என்று பொருள். ஆகவே எஞ்சினை உடனே நிறுத்தி, வண்டியை இழுத்துக்கொண்டு வரச் சொல்வதே முறை.

சத்தம் எங்கிருந்து வருகிறது

தட்டும் சத்தம் எல்லாம் பேரிங் சத்தம் அன்று. இதை உறுதிசெய்யாமல் எண்ணெய்த் தொட்டியைக் கழற்றியவர்கள் பலர். முதலில் எண்ணெய் அளவையும் அதன் நிலையையும் பார்த்துவிட்டு, அளவு சரியாக இருந்தால் மட்டுமே, சில நிமிடங்களுக்கு எஞ்சினை ஓட்டிக் கேட்க வேண்டும். நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை எஞ்சின் மேல் வைத்து, பிடியைக் காதோரம் எலும்பில் அழுத்திக் கேட்கும் பழைய முறை இன்றும் நன்றாகவே உதவுகிறது. மெக்கானிக் ஸ்டெதஸ்கோப் இருந்தால் இன்னும் நல்லது. சுழலும் விசிறியிலிருந்தும் பெல்ட்டிலிருந்தும் கையும் சட்டையும் விலகியிருக்கட்டும்.

கொன்ராட் பேரிங்கின் சத்தம் பிளாக்கின் கீழ்ப்பகுதியில், எண்ணெய்த் தொட்டிக்குச் சற்று மேலே வலுவாகக் கேட்கும். சுத்தியலால் இரும்புப் பலகையைத் தட்டுவது போன்ற கனமான 'டக் டக்' ஒலி அது. எஞ்சினை நிமிடத்துக்கு 1,500 சுற்று அளவுக்கு ஏற்றி, பெடலிலிருந்து காலைச் சட்டென்று எடுத்தால், சுற்று இறங்கிவரும் அந்த இடைவெளியில் அது மிகத் தெளிவாக வெளிப்படும். மெயின் பேரிங்கின் ஒலி இதைவிட ஆழமானது; தரை வழியாகக் காலுக்கு உணரும்படி, சுமை ஏறும்போது 'தொம் தொம்' என்று வரும். பிஸ்டன் பின்னின் ஒலி கூர்மையாகவும் இரட்டைத் தட்டாகவும் இருக்கும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது கேட்டு, சூடேறியதும் மறைந்துபோவது பெரும்பாலும் பிஸ்டன் லைனரில் ஆடும் சத்தம். வால்வு டாப்பெட்டின் ஒலி மேலே மூடியருகில், கிராங்க் இரண்டு சுற்று சுற்றுவதற்கு ஒரு முறை என்ற கணக்கில் மெல்லியதாக வரும்.

என்னை அதிக முறை ஏமாற்றப் பார்த்தவை வேறு இரண்டு. ஒன்று, பிரேக்குக்குக் காற்று தரும் கம்ப்ரெஸர். அதற்குள்ளேயும் ஒரு சிறிய கிராங்கும் கொன்ராடும் இருப்பதால் அது தேய்ந்தால் அச்சாக எஞ்சின் தட்டுவது போலவே தட்டும். காற்றுத் தொட்டி நிரம்பி கம்ப்ரெஸர் சுமையின்றி ஓடும்போது சத்தம் மாறுகிறதா என்று கவனித்தால் இது பிடிபட்டுவிடும். மற்றொன்று, சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நோஸல். ஊசி சிக்கிக்கொண்டு டீசலை ஒழுகவிடும் நோஸல், அந்தச் சிலிண்டரில் கடும் எரிதல் ஓசையை உண்டாக்கும். அது பேரிங் ஒலியைவிடக் கூர்மையாக, தலைப்பகுதியில் கேட்கும். ஐயம் இருந்தால் அந்த நோஸலை வேறு சிலிண்டருக்கு மாற்றிப் பொருத்துங்கள். சத்தமும் கூடவே இடம் மாறினால் பேரிங்கின் மேல் குற்றமில்லை. டம்பர் புல்லியின் போல்ட்டும் ஃப்ளைவீல் போல்ட்டும் தளர்ந்திருக்கவில்லை என்பதையும் இந்தக் கட்டத்திலேயே பார்த்துவிட வேண்டும்.

எந்தச் சிலிண்டர் என்பதை அறிய, பழைய வகை இன்ஜெக்‌ஷன் பம்ப் உள்ள எஞ்சினில், எஞ்சின் மெதுவாக ஓடிக்கொண்டிருக்கும்போது ஒவ்வொரு நோஸல் குழாயின் நட்டையும் துணி சுற்றித் தளர்த்தி, அந்தச் சிலிண்டரின் எரிதலை நிறுத்திப் பார்க்கலாம். பழுதான கொன்ராடுக்குரிய சிலிண்டரை நிறுத்தியதும் தட்டு வெகுவாகக் குறையும், அல்லது அதன் தன்மையாவது மாறும். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்களைச் சேர்த்து நிறுத்தும்போது மட்டும் குறைந்தால், அவற்றின் நடுவிலுள்ள மெயின் பேரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். ஆனால் எல்லா நோஸல்களுக்கும் ஒரே உயரழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் காமன் ரெயில் எஞ்சினில் இந்த முறையை ஒருபோதும் கையாளக் கூடாது. அந்தக் குழாய்களில் 1,000 பாருக்கும் மேலே போகக்கூடிய அழுத்தம் நிற்கிறது. நட்டைத் தளர்த்தினால் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உடலுக்குள் சென்று கையையே இழக்கச் செய்யும். அவற்றுக்கு ஸ்கேன் கருவியில் உள்ள சிலிண்டர் நிறுத்தும் சோதனையையே பயன்படுத்த வேண்டும்.

எண்ணெய் சொல்லும் சாட்சி

டாஷ்போர்டு மீட்டரை நம்பாமல், அழுத்த உணரியைக் கழற்றி அந்தத் துளையில் இயந்திர வகை அழுத்தமானியைப் பொருத்தி அளக்க வேண்டும். எஞ்சின் நன்கு சூடேறிய பின், குறைந்த சுற்றில் கிடைக்கும் அளவே பேரிங்கின் நிலையைக் காட்டும். ஏனெனில் தேய்ந்த இடைவெளி வழியாக எண்ணெய் பக்கவாட்டில் வழிந்துவிட, பம்ப் மெதுவாகச் சுற்றும்போது அந்த இழப்பை ஈடுசெய்ய முடிவதில்லை. உங்கள் எஞ்சினின் கையேடு தரும் எல்லையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அழுத்தம் குறைந்திருந்தால் பேரிங் என்றே முடிவுகட்டிவிட முடியாது. பம்ப் தேய்ந்திருக்கலாம், மிகை அழுத்தத்தை விடுவிக்கும் ரிலீஃப் வால்வின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், எண்ணெயில் டீசல் கலந்து நீர்த்திருக்கலாம். அதேபோல், ஒரே ஒரு கொன்ராட் பேரிங் மட்டும் கெட்டிருக்கும்போது மொத்த அழுத்தம் ஏறத்தாழ சரியாகவே இருப்பதையும் பார்த்திருக்கிறேன். அழுத்தம் நன்றாக இருக்கிறதே என்று வண்டியைத் திருப்பி அனுப்புவது ஆபத்தானது.

அதனால்தான் ஃபில்டரை வெட்டிப் பார்ப்பதை நான் எந்த எஞ்சினிலும் தவிர்ப்பதில்லை. ஃபில்டர் தாளை விரித்து, எண்ணெயை வடியவிட்டு, வெயிலில் பிடித்தால் துகள்கள் மின்னும். காந்தத்தை அருகில் கொண்டுசெல்லுங்கள். ஒட்டிக்கொள்பவை இரும்பு, அவை கியர், ரிங், லைனர் ஆகியவற்றிலிருந்து வந்திருக்கலாம். காந்தத்துக்கு அசையாத வெள்ளி நிறச் செதில்கள் பேரிங்கின் மேல்பூச்சாகவோ அலுமினியமாகவோ இருக்கும். செம்பு நிறத் துகள்கள் கண்டால், தேய்மானம் பூச்சைக் கடந்து அடுத்த அடுக்குக்குப் போய்விட்டது. எண்ணெயின் அளவு ஏறியிருந்து டீசல் வாடை வீசினால் நோஸல் ஒழுக்கையும், பால் கலந்த காப்பிபோல வெளுத்திருந்தால் எண்ணெய்க் குளிர்விப்பானையும் தலை கஸ்கெட்டையும் சோதிக்க வேண்டும்.

வடித்த எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றக் கூடாது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மலேசியாவின் 2005ஆம் ஆண்டு அட்டவணைப்படுத்தப்பட்ட கழிவு விதிமுறைகளில் பயன்படுத்திய மசகு எண்ணெய் எஸ்.டபிள்யூ. 305 என்ற குறியீட்டில் வருகிறது. உரிமம் பெற்றவர்களிடமே அதை ஒப்படைக்க வேண்டும். அசுத்தமான ஃபில்டர்களுக்கும் துணிகளுக்கும் எஸ்.டபிள்யூ. 410 என்ற தனிக் குறியீடு உண்டு.

திறந்து பார்த்தல்

சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பேட்டரியைப் பிரித்து, கேபினைச் சாய்த்தால் அதன் பூட்டு விழுந்திருக்கிறதா என்று கையால் தொட்டு உறுதிசெய்த பிறகே வண்டிக்கு அடியில் செல்ல வேண்டும். எண்ணெய்த் தொட்டியைக் கழற்றியதும் அதன் அடியில் தங்கியுள்ள படிவை விரலால் தடவிப் பாருங்கள். பிறகு ஒவ்வொரு கொன்ராடையும் பிடித்து மேலும் கீழும் அசைக்க வேண்டும். கிராங்க் அச்சின் நீளவாக்கில், பக்கவாட்டில், சற்று நகர்வது இயல்பு. மேலும் கீழுமாக ஆட்டம் கைக்குத் தெரிந்தால் அந்தப் பேரிங் முடிந்துவிட்டது.

கொன்ராட் மூடிகளை ஒவ்வொன்றாகவே கழற்றுங்கள். வரிசையாக அமைந்த ஆறு சிலிண்டர் எஞ்சினில் 1ம் 6ம், 2ம் 5ம், 3ம் 4ம் ஒன்றாகக் கீழே வரும் என்பதால் கிராங்கை மூன்று முறை நிறுத்தினால் போதும். மூடியிலும் கொன்ராடிலும் ஒரே எண் பொறிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் நீங்களே குறித்துக்கொள்ளுங்கள். ஒன்றின் மூடி இன்னொன்றுக்குப் போனால் துளையின் வட்டம் கெட்டுவிடும். கொன்ராடிலேயே நிற்கும் போல்ட்டுகளுக்கு ரப்பர் குழாய்த் துண்டைச் செருகிவிட்டால் அவற்றின் மரை கிராங்கைக் கீறாது.

கழற்றிய தகடுகளைத் துடைத்து, எண் வரிசையில், மேல் கீழ் மாறாமல் வெள்ளைத் துணியில் பரப்பி வைத்துப் பாருங்கள். இந்த வேலையில் நான் அதிக நேரம் செலவிடுவது இங்கேதான். பேரிங் ஏன் தேய்ந்தது என்பதை அந்தத் தகடுகளே சொல்லும். எரிதலின் அடி கொன்ராடில் மேல் தகட்டிலும், மெயினில் கீழ்த் தகட்டிலும் விழுவதால் அவை மற்றவற்றைவிடச் சற்று அதிகம் தேய்ந்திருப்பது இயற்கை. எல்லாக் கொன்ராட் மேல் தகடுகளும் ஒரே மாதிரி பளபளத்துச் செம்பு தெரிந்தால், எஞ்சின் குறைந்த சுற்றில் பெரும் சுமையை இழுத்திருக்கிறது. சுற்றுவாக்கில் கீறல்களும் உள்ளே புதைந்த துகள்களும் இருந்தால் அழுக்கு எண்ணெய், அல்லது அடைத்துப்போய் பைபாஸ் வால்வு வழியாக வடிகட்டாத எண்ணெயை அனுப்பிய ஃபில்டர். ஒரு பக்க விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால் கொன்ராட் வளைந்திருக்கிறதா என்று அளக்க வேண்டும். பொடிப்பொடியாகக் குழி விழுந்து கறுத்திருந்தால் குளிர்நீரோ நாட்பட்ட எண்ணெயின் அமிலமோ அரித்திருக்கிறது. தகட்டின் முதுகில் தேய்ந்து மின்னும் இடங்கள் தெரிந்தால் தகடு தன் இருக்கையில் அசைந்திருக்கிறது. மூடி போதிய முறுக்கில் இறுகவில்லை, அல்லது பின்னால் தூசு இருந்திருக்கிறது.

தகடு தன் இருக்கையிலேயே முழுதாகச் சுற்றிவிட்டால் அந்தக் கொன்ராடின் துளை நீலம் பாரித்திருக்கும். அதைத் திரும்பப் போடக் கூடாது. கிராங்கின் கழுத்து நீலநிறமாகியிருந்தாலும் எஞ்சினை இறக்கியே ஆக வேண்டும்.

அளவெடுத்தல்

புதிய தகடுகளை வாங்கிவந்து அப்படியே பொருத்திவிடும் பழக்கத்தால் மூன்றே மாதத்தில் மீண்டும் தட்டத் தொடங்கிய எஞ்சின்கள் எங்களிடம் வந்திருக்கின்றன. கிராங்க் கழுத்தை மைக்ரோமீட்டரால் இரண்டு இடங்களில், ஒவ்வோரிடத்திலும் செங்குத்தான இரண்டு திசைகளில் அளந்து, வட்டம் குலைந்திருக்கிறதா, ஒரு முனை சிறுத்திருக்கிறதா என்று பாருங்கள். பொதுவாக வட்ட வேறுபாடு 0.05 மில்லிமீட்டரைத் தொட்டுவிட்டால் புதுத் தகடு நிலைக்காது. வெந்நீரில் கழுவிய கிராங்கை உடனே அளக்காமல், நிழலில் ஆறவிட்டு, மைக்ரோமீட்டரும் கிராங்கும் ஒரே வெப்பத்துக்கு வந்த பிறகு அளப்பது நல்லது.

எண்ணெய் இடைவெளியை, நசுங்கும் அகலத்தால் அளவு காட்டும் பிளாஸ்டிகேஜ் என்ற மெல்லிய இழையால் பார்க்கலாம். கழுத்தை எண்ணெயின்றித் துடைத்து, இழையை அச்சுக்கு இணையாக வைத்து, மூடியைக் கையேட்டின் முறுக்களவுக்கு இறுக்கி, கிராங்கைச் சுற்றாமல் மீண்டும் கழற்றி, நசுங்கிய இழையின் அகலத்தை உறையிலுள்ள அளவுகோலோடு ஒப்பிட வேண்டும். கழுத்தின் விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்பது கைக்கணக்கு. 65 மில்லிமீட்டர் கழுத்துக்கு ஏறத்தாழ 0.065. ஆனாலும் முடிவைக் கையேட்டின் எல்லையைக் கொண்டே எடுங்கள். வண்டியிலேயே வைத்து மெயினை அளப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது: கிராங்கின் எடை முழுவதும் கீழ்த் தகட்டில் அமர்ந்திருப்பதால், அருகிலுள்ள எதிர்எடையை ஜாக்கால் மெல்லத் தூக்கிப் பிடிக்காவிட்டால் இழை காட்டும் அளவு பொய்யாகும்.

கழுத்து வழுவழுப்பாக, நகத்தில் தட்டுப்படாமல், அளவுக்குள் இருந்தால் எஞ்சினை இறக்காமலேயே தகடுகளை மாற்றலாம். மெயினின் மேல் தகட்டை, கிராங்கின் எண்ணெய்த் துளையில் சிறு முளையைச் செருகி, கிராங்கை மெதுவாகச் சுற்றி உருட்டி எடுக்கலாம். நகத்தில் கீறல் தட்டினால் கிராங்க் கடைசல் கடைக்குத்தான் போக வேண்டும். உப்புத்தாள் பட்டையைச் சுற்றி இழுத்து மெருகேற்றுவதை நான் ஏற்பதில்லை. வட்டமும் திரும்பாது, உதிரும் மணல் எண்ணெய்த் துளைக்குள் புகுந்துவிடும்.

செகாம்புட்டிலோ சான் சோவ் லின் பகுதியிலோ கடைசல் வேலைக்குக் கொடுக்கும்போது, கடைவதற்கு முன்பே காந்தத் தூள் சோதனையால் விரிசல் பார்க்கச் சொல்லுங்கள். கடைசல் 0.25, 0.50, 0.75, 1.00 மில்லிமீட்டர் என்ற படிகளில் நடக்கும். அதே குறைவளவுக்கான தகடு கடையில் கிடைக்கிறதா என்று கேட்டுக்கொண்ட பிறகே கடைய அனுமதி கொடுங்கள். கழுத்து தோளோடு சேரும் மூலையில் உள்ள வளைவு பழைய அளவிலேயே இருக்க வேண்டும். அதைச் சதுரமாக வெட்டிவிட்டால் கிராங்க் அந்த மூலையிலேயே ஒடியும். மேற்பரப்பு மட்டும் கடினப்படுத்தப்பட்ட கிராங்க் சிலவற்றைக் கடைந்தால் மீண்டும் கடினப்படுத்த வேண்டியிருக்கும். இதையும் கையேடு சொல்லும்.

சேர்த்தலும் ஓட்டலும்

உதிர்ந்த துகள்கள் எஞ்சின் முழுவதும் பரவியிருக்கும். கிராங்கின் எண்ணெய்ப் பாதைகளின் முனையை மூடும் அடைப்பான்களைக் கழற்றி, தூரிகையால் தேய்த்து, காற்றடித்துச் சுத்தம் செய்யாமல் எதையும் பூட்டாதீர்கள். எண்ணெய்க் குளிர்விப்பானின் குறுகிய தடங்களில் சிக்கிய துகள் கழுவினாலும் முழுதாக வராது. செலவானாலும் புதியது போடுவதே என் வழக்கம். பம்பின் பல் இடைவெளி, ரிலீஃப் வால்வு, டர்போ தண்டின் ஆட்டம் ஆகியவற்றை அளந்துவிடுங்கள். பிஸ்டனுக்கு எண்ணெய் பீய்ச்சும் சிறு குழாய்கள் வளைந்திருந்தால் பிஸ்டன் தீய்ந்துபோகும்.

தகட்டின் முதுகும் அதன் இருக்கையும் உலர்ந்திருக்க வேண்டும். எண்ணெய் பூச வேண்டியது கிராங்கைப் பார்க்கும் முகத்தில் மட்டும். தகட்டின் ஓரத்திலுள்ள நாக்கு தன் பள்ளத்தில் அமர்ந்து, எண்ணெய்த் துளை பிளாக்கின் துளைக்கு நேராக நிற்கட்டும். இடைவெளியைக் குறைக்க மூடியை அரம் போட்டுத் தேய்ப்பது எஞ்சினைக் கொல்வதற்குச் சமம். கிராங்க் நீளவாக்கில் நகராமல் தடுக்கும் த்ரஸ்ட் தகடுகளில் பள்ளம் உள்ள பக்கம் கிராங்கை நோக்கி இருக்க வேண்டும். முறுக்கிய பின் கோணம் சேர்க்கும் வகைப் போல்ட்டுகள் நீண்டுபோகும் இயல்புடையவை. நீளத்தை அளந்து, எல்லை கடந்தவற்றை மாற்றுங்கள். முறுக்கைப் படிப்படியாக ஏற்றி, ஒவ்வொரு மூடியை இறுக்கியதும் கிராங்கைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். எந்த மூடிக்குப் பிறகு கனக்கிறதோ அதிலேயே தவறு இருக்கிறது. கடைசியில் டயல் கேஜ் வைத்துக் கிராங்கின் நீளவாக்கு ஆட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

புதிய ஃபில்டரோடு கையேடு கேட்கும் தரத்தில், நம் வெப்பத்துக்குப் பெரும்பாலும் பொருந்தும் 15டபிள்யூ-40 எண்ணெயை ஊற்றி, டீசலை நிறுத்திவைத்து, ஸ்டார்ட்டரை ஒரு தடவைக்கு 15 வினாடிக்கு மேல் ஓட்டாமல், அழுத்தமானியில் முள் எழும் வரை சுழற்ற வேண்டும். முள் எழுந்த பிறகே டீசலைத் திறந்து, பெடலைத் தொடாமல் குறைந்த சுற்றில் ஓடவிட்டு, ஒழுக்கும் சத்தமும் பார்த்து, சூடேறியதும் அழுத்தத்தை எழுதிக்கொள்ளுங்கள்.

இனி ஓட்டுநரிடம் பேச வேண்டும். முழுச் சுமையோடு மேல் கியரிலேயே ஏற்றத்தைக் கடக்க முயன்று, 900 சுற்றுக்கு இறங்கிய எஞ்சினைப் பெடலை அழுத்தி இழுக்கும்போது, எரிதலின் அடி உச்சத்திலும் எண்ணெய்ப் படலம் மிக மெலிந்தும் இருக்கின்றன. சுற்றுமானியின் முள் பச்சைப் பட்டையை விட்டு இறங்கும் முன்பே கியரைக் குறைக்கச் சொல்லுங்கள். காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் எஞ்சினை முடுக்குவதும் கூடாது. முதல் 1,000 கிலோமீட்டருக்குப் பாதிச் சுமையோடு சமதளச் சாலையில் ஓட்டி, பிறகு எண்ணெயை வடித்து, அந்த ஃபில்டரையும் வெட்டிப் பார்க்க வேண்டும். தாள் சுத்தமாக இருந்தால் வண்டியைக் காராக் ஏற்றத்துக்கு விடலாம். மின்னும் துகள் இன்னும் இருந்தால், எண்ணெய்த் தொட்டியை மறுபடியும் இறக்குங்கள்.